ஹேண்டில் பிடித்த கை

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடிப்பதற்கு முன்பே எங்கள் தோட்டத்தை எழுப்பிவிடும் சத்தம் ஒன்று இருந்தது. தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கொட்டகையில் நின்ற பிக்கப்பை அத்தான் இஸ்டார்ட் பண்ணும் சத்தம் அது. ஒரு நீண்ட இழுப்பு, பிறகு மௌனம், மறுபடியும் ஓர் இழுப்பு. கந்தப்பளைக்கு மேலே, தேயிலையை மூடிக்கொண்டு பனி கிடக்கும் நேரத்தில், அந்தச் சத்தம் கீழ் லயத்து வரிசை வீடுகள் வரைக்கும் இறங்கி வரும். பீலிக்கரையில் முகம் கழுவ வந்தவர்கள் அள்ளிய தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே எண்ணுவார்கள். "ஏழு." "எட்டு." "இன்னிக்குப் பத்துக்குள்ள எந்திரிக்காதுடி." லேட்டாக வந்தால் அரை நாள் சம்பளத்துக்குத்தான் பேர் விழும் என்பது தோட்டத்துச் சட்டம். அதை வைத்து ஒருத்தி சொல்வாள்: "நமக்கு மட்டுந்தானா? அந்த வண்டிக்கும் அரைப் பேர் போடச் சொல்லுங்க." எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. எட்டு இழுப்புக்கும் பத்து இழுப்புக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும், அதைக் கண்டுபிடிக்க இந்தத் தோட்டத்தில் என்னை விட்டால் ஆளில்லை என்று மனம் பறக்கும். எனக்கு அப்போது இருபது வயது. ஹட்டனில் படித்துப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, வேலை இல்லாமல் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அக்காவைத் தவிர எனக்கு யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போனபோது அவளுக்குப் பதினாறு, எனக்கு ஏழு. கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு என்னைப் படிக்க வைத்தாள். அத்தானைக் கட்டிக்கொள்ளும்போது அவள் போட்ட ஒரே நிபந்தனை, தம்பி கூடவே இருப்பான் என்பதுதான். "வண்டியில ஒரு ஆள் கூடுதலா ஏறுனா என்ன கொறஞ்சு போவுது" என்று அத்தான் சொன்னாராம். அவர் தோட்டத்துப் பிக்கப்பின் டிரைவர். அரிசி மூட்டை, தபால் பை, கூரைத் தகடு, ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி எல்லாம் அந்த ஒரு வண்டியில்தான் போகும். டிரைவர் வேலையோடு ஒரு வீடு சேர்ந்து வந்தது. லயத்திலிருந்து தள்ளி, தனியாக, இரண்டு ஜன்னலும் சொந்தக் குழாயும் உள்ள வீடு. சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பிராக்காரர் இருமினால் நம் வீட்டுக்குள் கேட்காத வீடு. அக்கா அந்தக் குழாய்க்குக் கீழே ஒரு கல்லைப் போட்டு, நாளுக்கு இரண்டு தடவை தேய்த்துக் கழுவுவாள். பீலியில் வரிசையில் நின்று வளர்ந்தவளுக்கு அந்தக் குழாய் என்னவாக இருந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பிக்கப் குளிரில் எழும்ப மறுப்பது பழைய கதை. அத்தான் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மாலையில் வண்டியைத் தொழிற்சாலைக்கு மேலே உள்ள சரிவில், மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுப்பார். காலையில் கல்லை எடுத்தால் வண்டி உருளும். பாதிச் சரிவில் கிளச்சை விட்டால் எழும்பிவிடும். புதிதாக வந்த தொரைக்கு அது பிடிக்கவில்லை. தோட்டத்து வாகனம் மாடு மாதிரி மேட்டில் கட்டிக் கிடக்கக் கூடாது, கொட்டகையில் நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கொட்டகை இருந்தது சமதரையில். அதற்குப் பிறகுதான் பீலிக்கரையில் எண்ணத் தொடங்கினார்கள். மூன்று நாள் சுத்தமாக எழும்பாமல், தொழிற்சாலை ஆட்கள் எட்டுப் பேர் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் தொரை பார்த்துவிட்டார். தனக்குத் தெரிந்த தமிழில், குரலை உயர்த்தாமல் சொன்னார்: "டிரைவர், நான் ஆள் வச்சது தேயிலை வேலைக்கு. வண்டி தள்ள இல்ல. இன்னி ஒரு தரம் தள்ளினா, வேற டிரைவர் வரும்."

அன்று அக்கா சமைக்கவில்லை. குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தாள். "அந்த ஆளு சொன்னாச் செய்வாருங்க" என்றாள். அத்தான் எப்போதும்போல விளையாட்டாக, "வேற டிரைவர் வந்தா அவனுந்தானே தள்ளணும்? நான் கூடப் போயி ஒரு கை குடுக்கிறேன்" என்றார். அவள் சிரிக்கவில்லை. நான் உள்ளே போய் என் பெட்டியிலிருந்து மோட்டார்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். ஹட்டனில் பழைய புத்தகக்காரரிடம் வாங்கிய, அட்டை கிழிந்த இங்கிலீசுப் புத்தகம். "ஞாயித்துக்கெழம வண்டியை எங்கிட்ட விடுங்க அத்தான்" என்றேன். அக்கா முகத்தில் அன்றைக்கு முதன்முதலாக ஒரு வெளிச்சம் வந்தது. "அவன் படிச்ச புள்ள. அவன் சொல்றபடி கேளுங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை இன்றும் என்னால் மணி மணியாகச் சொல்ல முடியும். இஞ்சின் எழும்பக் காற்று வேண்டும், பெற்றோல் வேண்டும், சரியான நேரத்தில் நெருப்புப் பொறி வேண்டும். மூன்றில் எது குறைகிறது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வா என்றது புத்தகம். முதலில் ஹெட்லைட்டைப் போட்டு இஸ்டார்ட்டரை இழுக்கச் சொன்னேன். வெளிச்சம் கொஞ்சம் மங்கியதே தவிர விழுந்துவிடவில்லை. பெட்டரி பரவாயில்லை. முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். பெற்றோல் குழாயைக் கழற்றிப் பம்பைக் கையால் அடித்தேன். டின்னுக்குள் பெற்றோல் பீய்ச்சி அடித்தது. அதுவும் சரி. பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு இஞ்சின்மேல் சாய்த்து வைத்துச் சுற்ற வைத்தபோது நோய் தெரிந்தது. பொறி இருந்தது. ஆனால் நமுத்த தீக்குச்சி மாதிரி மெலிந்து, மஞ்சளாக இருந்தது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒன்றையொன்று தொட்டு விலகும் இரண்டு சின்ன முனைகளில் ஒன்றில் குழி, மற்றதில் மேடு. அப்படி இருந்தால் கூட இருக்கும் கண்டென்சர் செத்துவிட்டது என்று அர்த்தம். சத்தம் போட்டே படித்துக் காட்டினேன். அத்தான் குனிந்து பார்த்து, "அடப் பாவி, இத்தினிக்காண்டு சாமானா என் வேலையைக் கேட்டது" என்றார்.

அடுத்த நாளே நானுஓயாவுக்கு நடந்துபோய் ரயிலேறி, ஹட்டனில் கண்டென்சர் வாங்கி வந்தேன். முனைகளை அரத்தால் ராவி, இடைவெளியைச் சரிசெய்து மாட்டினோம். பொறி நீலமாக, சடக்கென்று சத்தத்தோடு குதித்தது. மறுநாள் காலை மூன்றாவது இழுப்பில் வண்டி எழும்பியது. பீலிக்கரையில் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் ஏமாந்து போனார்கள்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பத்து இழுப்பு மூன்றாகிவிட்டது, அது போதும் என்று அத்தானும் சொன்னார். எனக்குப் போதவில்லை. முதல் இழுப்பில் எழும்ப வேண்டும், தொரை தன் வராந்தாவில் நின்று அதைக் கேட்க வேண்டும், இதைச் செய்தவன் யார் என்று விசாரிக்க வேண்டும். தோட்டத்து ஆபீசில் ஒரு கிளாக்கர் வேலை காலியாக இருந்தது, அதுவும் எனக்குத் தெரியும். புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. உயரமான இடங்களில் காற்று மெலிந்திருப்பதால் பொறியைச் சற்று முன்னதாகக் கொடுப்பது நன்மை தரும் என்றது அந்த வரி. ஆறாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு படிக்கிறவனுக்கு அது தனக்கென்றே எழுதப்பட்டது போல இருக்காதா? சற்று என்பது எவ்வளவு என்று புத்தகம் அந்தப் பக்கத்தில் சொல்லவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்ப எனக்குப் பொறுமை இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்பினால் பொறி விழும் நேரம் மாறும். "வண்டி செஞ்சவன் வச்சபடி இருக்கே. அதுல கை வைக்கணுமா மாப்புள?" என்று அத்தான் கேட்டார். "அவன் சமதரையில ஓட்டுறவனுக்கு வச்சான் அத்தான். நம்ம மலை அவனுக்குத் தெரியாது" என்றேன். அவர் குனிந்து டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்தார். "சரி, போயி எண்ணெய்த் துணியை எடுத்துட்டு வா" என்றார். நான் துணியோடு வந்ததும் இஞ்சினை ஓடவிட்டு, எந்த இடத்தில் அதன் ஓட்டம் வேகமாகவும் சந்தோஷமாகவும் கேட்டதோ அந்த இடத்தில் திருப்பி இறுக்கினேன். காதை நம்பி வைத்தேன். மறுநாள் சாவியைப் போட்ட உடனே வண்டி எழும்பியது.

இரண்டு மாதம் எங்கள் வீட்டில் திருவிழா. மேல் டிவிசனுக்கு ஏறும் வளைவுகளில் முதல் கியர் கேட்ட வண்டி இரண்டாவதிலேயே ஏறியது. அத்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் "இஞ்சினியர் மாப்புள செஞ்ச வேலை" என்றார். அக்கா எனக்கு மட்டும் முட்டை அவித்து வைத்தாள். ஒரே ஒரு விஷயம்தான் அவரை உறுத்தியது. மேட்டில் ஏறும்போது இஞ்சினுக்குள் சில்லறையைக் குலுக்குவது போல ஒரு சத்தம் வந்தது. "என்னடா இது, சலங்கை கட்டிவிட்ட மாதிரி?" என்று இரண்டு தடவை கேட்டார். "பெற்றோல் மட்டமான சரக்கு அத்தான், அதான்" என்றேன். எனக்குத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அந்த வயதில் எனக்கு இல்லை. பொறி அளவுக்கு மீறி முந்திவிட்டால் வரும் சத்தம் அது. அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தது.

ஜனவரியில் ஒரு விடியல். புல்லெல்லாம் உறைபனி பிடித்து உப்புக் கொட்டியது போல இருந்தது. கீழ் லயத்தில் ஒரு பெண் முதல் நாளிலிருந்து பிரசவ வலியில் கிடந்தாள். இனி நம் கையில் இல்லை, நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள் என்று தோட்டத்து மருந்துக்காரர் சொல்லிவிட்டார். அவளைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்து பிக்கப்பின் பின்தட்டில் வைக்கோல்மேல் படுக்க வைத்தார்கள். அவள் அம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அத்தான் சாவியைப் போட்டு இழுத்தார். இஸ்டார்ட்டர் ஒரு தடவை முனகி நின்றுவிட்டது. குளிரில் எண்ணெய் இறுகிப் போயிருந்தது, பெட்டரியும் விறைத்துவிட்டது. தூக்கி வந்த ஆட்கள் பெரட்டுக் களத்துக்குப் போய்விட்டார்கள். நூறு அடி தள்ளி, அந்தக் களத்தில் தொரை நின்றுகொண்டிருந்தார்.

"நாலு பேரைக் கூப்பிடவா அத்தான்?" என்றேன். அவர் களத்தின் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பின்னால் அந்தப் பெண் முனகினாள். "வேணாம். ஹேண்டிலை எடு" என்றார்.

ஹேண்டில் பிடிக்க அவருக்கு ஒரு முறை உண்டு. நல்ல டிரைவர்கள் எல்லாருக்கும் உண்டு. இஞ்சினின் மூக்கில் ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்றும்போது பெருவிரலைச் சுற்றி மடக்கக் கூடாது. மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கம் வைக்க வேண்டும். இஞ்சின் திருப்பி உதைத்தால் ஹேண்டில் கையை விட்டுத் தானே போய்விடும். அன்றும் அவர் அப்படித்தான் பிடித்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஐந்து விரலும் ஒரே பக்கம் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவது சுற்றில், பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே பொறி விழுந்துவிட்டது. நான் முன்னால் தள்ளி வைத்த பொறி. வேகமாக ஓடும் இஞ்சினுக்கு அது தெரியாது. கையால் மெல்லச் சுற்றும்போது தெரியும். ஹேண்டில் அவர் கையிலிருந்து பறந்து, தலைகீழாகச் சுற்றி வந்து முன்கையில் அடித்தது. காய்ந்த மிலாறுக் குச்சி ஒடிவது போலச் சத்தம் கேட்டது.

அவர் வண்டியின் கால்படியில் போய் உட்கார்ந்தார். இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து, மெதுவாகச் சொன்னார்: "இஞ்சின் மூடியைத் தொற. டிஸ்ட்ரிபியூட்டர் கழுத்துல ஆணியால ஒரு கோடு போட்டிருக்கேன் பாரு. பழைய எடம் அது. அதுக்கு நேரா திருப்பி இறுக்கு." விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். கோடு இருந்தது. என்னை எண்ணெய்த் துணி எடுக்க அனுப்பியபோது போட்டிருக்கிறார். அதற்கு நேராகத் திருப்பி இறுக்கினேன். ஹேண்டிலை நானே சுற்றினேன். நாலாவது சுற்றில் இஞ்சின் எழும்பியது.

சத்தம் கேட்டுத் தொரை வந்துவிட்டார், கூடவே தொழிற்சாலை டீமேக்கரும். தொரை அந்தக் கையைப் பார்த்தார். "எப்புடி?" என்றார். நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்று இன்றுவரை நம்புகிறேன். அத்தான் முந்திக்கொண்டார். "பெருவெரலைச் சுத்திப் புடிச்சிட்டேன் தொரை. அவசரத்துல மறந்து போச்சு." தொரை தலையை ஆட்டிவிட்டு டீமேக்கரை வண்டி ஓட்டச் சொன்னார். பின்தட்டில் அந்தப் பெண்ணும் முன்னால் அத்தானுமாக நுவரெலியாவுக்குப் போனார்கள். அவளுக்கு மத்தியானம் ஆண் குழந்தை பிறந்தது. அத்தானின் எலும்பு இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. கட்டு அவிழ்த்தபோது மணிக்கட்டு திரும்பவில்லை.

மணிக்கட்டு திரும்பாதவரால் எங்கள் வளைவுகளில் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. மூன்று மாதம் பார்த்துவிட்டு வேறு டிரைவரை எடுத்தார்கள். அத்தானைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் காவலாக வைத்தார்கள். வீட்டைக் காலி பண்ணி லயத்துக்கு வந்த அன்று அக்கா பீலிக்கு இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் கடைசியாக நின்றாள்.  அந்த மாதமே எனக்கு ஆபீசில் கிளாக்கர் வேலை கிடைத்தது.

அக்கா அத்தானைத் திட்டத் தொடங்கினாள். முதலில் தனியாக, பிறகு ஆட்களுக்கு முன்னால். அடுத்த தைப்பொங்கலுக்கு உறவுக்காரர்கள் கூடியிருந்தபோது சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "பதினஞ்சு வருசம் வண்டி ஓட்டுன மனுசன். ஒரு வெரலை ஒழுங்கா வைக்கத் தெரியல." அத்தான் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அன்னிக்கு என் புத்தி நியூட்ரல்ல கெடந்துச்சு" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏழு வருஷம் அந்தப் பேச்சு ஏதோ ஒரு வடிவத்தில் அந்த வீட்டில் நடந்தது. ஒவ்வொரு தடவையும் நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர்கள் இந்தியாவுக்கே போய்விடுவது என்று இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தார்கள். நீலகிரியில் அத்தானின் சித்தப்பா மகன் இருந்தார், அங்கேயும் தேயிலைதான், ஒரு காவல் வேலை பார்த்துத் தருகிறேன் என்று எழுதியிருந்தார். நானுஓயா ஸ்டேஷனில் அக்கா பிள்ளைகளோடு பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது நான் அத்தானைத் தள்ளிக் கூட்டிப்போனேன். "அக்காகிட்டச் சொல்லிடறேன் அத்தான்" என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை. ரயில் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வேணாம் மாப்புள. அவளுக்குப் பொறந்த வீடுன்னு இருக்கிறது நீ ஒருத்தன். என்னைத் திட்டிட்டு அவ சோறு திங்குறா. உன்னைத் திட்டுனா அவளுக்குச் சோறு எறங்காது." எனக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன மாதம் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் எழுதியிருந்தாள், அக்கா சொன்னது சொன்னபடி. அத்தான் இறந்துவிட்டார். நெஞ்சு வலி, இரண்டே நாள். படுக்கையில் கிடந்தபோதும் அந்தக் கை நேராகவில்லையாம். குளிப்பாட்டும்போது அக்காதான் அதைப் பிடித்துக்கொண்டாளாம். கடைசியில் இப்படி இருந்தது: "தம்பி, நான் அவரை ரொம்பத் திட்டிப்புட்டேன். இப்ப ராவும் பகலும் அதே நெனப்பா இருக்கு. நீ அன்னிக்குப் பக்கத்துல விளக்குப் புடிச்சிக்கிட்டுத்தானே நின்ன. அவரு நெசமாவே வெரலைத் தப்பாத்தான் வச்சாரா? எனக்குச் சொல்லு."

தோட்டத்தில் யாருக்கு என்ன எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பாஸ்போர்ட்டுக்கு, பேர் பதிய, பிள்ளை பிறந்ததற்கு, செத்ததற்கு. ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்துவிடுவேன். இந்தக் கடிதத்துக்கு மட்டும் பத்து நாளாகத் தாளை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். என் பதிலையும் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்தான் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரலில் அக்கா அதைக் கேட்பாள். கேட்டுவிட்டு அவள் சாப்பிடுவாளா மாட்டாளா என்பது எனக்குத் தெரியாது. திட்டு வாங்கிக்கொள்ள இப்போது அத்தானும் இல்லை. நலம் விசாரிக்கும் வழக்கமான வரிகளை விட்டுவிட்டு, நேற்று முதல் வரியை எழுதினேன்: அக்கா, அவர் விரலைச் சரியாகத்தான் வைத்திருந்தார்.